லண்டனுக்கு ஏன் ஒரே வாசல் இல்லை?

லண்டனுக்குப் படிக்க வரப்போகும் நண்பர்கள் ஒவ்வொரு வருடமும் ஆகஸ்ட் மாதம் தவறாமல் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "ஏர்போர்ட்டிலிருந்து ஊருக்குள்ளே எப்படிப் போறது?" கேள்வி சின்னது. ஆனால் பதில் சொல்ல ஆரம்பித்தால் "எந்த ஏர்போர்ட்?" என்று திருப்பிக் கேட்க வேண்டும். அப்புறம் "ஊருக்குள்ளேன்னா எந்தப் பக்கம்?" என்று கேட்க வேண்டும். அதற்குள் கேட்டவருக்குப் பாதி உற்சாகம் போய்விடும்.

"லண்டன்" என்ற பெயரை ஒட்டிக்கொண்டு ஆறு விமான நிலையங்கள் இருக்கின்றன. மேற்கே ஹீத்ரோ. தெற்கே கேட்விக். வடக்கே லூட்டன். வடகிழக்கே ஸ்டான்ஸ்டெட். கிழக்கே கடலோரமாக சவுத்எண்ட். ஊருக்குள்ளேயே, பழைய துறைமுகத் தண்ணீருக்கு நடுவில், சிட்டி ஏர்போர்ட். இவற்றில் மூன்றுக்குத் தனியாக எக்ஸ்பிரஸ் ரயில் உண்டு. கேட்விக் எக்ஸ்பிரஸ் 1984ல் வந்தது, விக்டோரியாவில் கொண்டு விடும். ஸ்டான்ஸ்டெட் எக்ஸ்பிரஸ் 1991ல் வந்தது, லிவர்பூல் ஸ்ட்ரீட்டில் விடும். ஹீத்ரோ எக்ஸ்பிரஸ் 1998ல் வந்தது, பதினைந்தே நிமிடத்தில் பாடிங்டனில் விடும்.

மேப்பை எடுத்து இந்த மூன்று ஸ்டேஷன்களுக்கும் புள்ளி வைத்துப் பாருங்கள். பாடிங்டன் ஒரு மூலை, விக்டோரியா ஒரு மூலை, லிவர்பூல் ஸ்ட்ரீட் எதிர் மூலை. மூன்றும் நகரின் நடுப்பகுதியைச் சுற்றி நிற்கின்றனவே தவிர, ஒன்றுகூட உள்ளே வரவில்லை. விமானம் சென்னையிலிருந்து இத்தனை ஆயிரம் கிலோமீட்டர் தாண்டி வந்துவிடுகிறது, எக்ஸ்பிரஸ் ரயில் பதினைந்து நிமிடத்தில் வந்துவிடுகிறது, கடைசி ஐந்து கிலோமீட்டருக்குத்தான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு படி ஏறி இறங்க வேண்டியிருக்கிறது. ஏன் இப்படி?

இதற்கான விடை விமானங்களில் இல்லை. 1846ல் இருக்கிறது.

மதுரைக்காரர்களுக்கு இதைச் சுலபமாகப் புரியவைக்கலாம். மதுரையில் கோட்டைச் சுவரை 1840களில் கலெக்டர் பிளாக்பர்ன் இடித்துவிட்டு, அந்த இடத்தில் வெளி வீதிகள் போட்டார்கள். பின்னால் ரயில் வந்தபோது ஸ்டேஷன் மேல வெளி வீதி ஓரத்தில் நின்றுவிட்டது. கோயிலைச் சுற்றிய பழைய ஊருக்குள் அது நுழையவில்லை. லண்டனிலும் கிட்டத்தட்ட அதே கதைதான். ஒரு வித்தியாசம்: இங்கே ரயிலைத் தடுத்தது சுவர் இருந்த இடம் இல்லை. காகிதத்தில் போட்ட ஒரு கோடு.

1840களில் இங்கிலாந்தில் ரயில் பைத்தியம் பிடித்திருந்த காலம். ஆளாளுக்குக் கம்பெனி ஆரம்பித்து, எல்லோரும் லண்டனின் நடுவுக்கே தண்டவாளம் போட அனுமதி கேட்டார்கள். எல்லாவற்றுக்கும் சம்மதித்தால் நகரமே மிஞ்சாது என்ற நிலை. 1846ல் அரசு ஒரு ராயல் கமிஷன் போட்டது. கமிஷன் ஒரு எல்லையைச் சொன்னது: தேம்ஸ் நதிக்கு வடக்கே, இந்தக் கோட்டுக்குள் ரயில் வரக்கூடாது. அந்தக் கோட்டின் வடக்கு விளிம்பு நியூ ரோடு என்ற சாலை. இன்றைக்கு மேரில்போன் ரோடு, யூஸ்டன் ரோடு, பென்டன்வில் ரோடு என்று மூன்று பெயரில் ஓடுவது அதுதான்.

இந்த நியூ ரோடு எதற்காகப் போடப்பட்டது என்று படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மாடு ஓட்டிப்போக! 1750களில், ஸ்மித்ஃபீல்ட் சந்தைக்குப் போகும் மாடுகளும் ஆடுகளும் ஆக்ஸ்ஃபோர்ட் ஸ்ட்ரீட், ஹோபர்ன் வழியாகப் போய் ஜனங்களுக்கு இடைஞ்சல் செய்ததால், ஊருக்கு வெளியே வயல்வெளி வழியாக ஒரு சுற்றுச்சாலை போட்டார்கள். நூறு வருடம் கழித்து அந்த மாட்டுப் பாதை ரயிலுக்கு வேலியாகிவிட்டது. கிங்ஸ் கிராஸ், செயின்ட் பாங்க்ரஸ் இரண்டும் ஏன் ஒரே சாலையில் வரிசையாக நிற்கின்றன என்று யோசித்திருக்கிறீர்களா? மாடுகள் போன வழியைத் தாண்ட அனுமதி இல்லை, அவ்வளவுதான்.

கோடு எல்லா இடத்திலும் இரும்பு மாதிரி நிற்கவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். 1860களில் தெற்கிலிருந்து வந்த ரயில்கள் நதியைத் தாண்டி சேரிங் கிராஸ், கேனன் ஸ்ட்ரீட் வரை வந்துவிட்டன. ஆனால் வடக்கும் மேற்கும் அசையவே இல்லை.

கோடு யாரைக் காப்பாற்றியது என்பதுதான் முக்கியம். உள்ளே இருந்தது பிரபுக்களின் மனைகளும், அழகான சதுக்கங்களும், வியாபாரிகளின் கட்டடங்களும். வெளியே இருந்தது பல இடங்களில் ஏழைகளின் வீடுகள். செயின்ட் பாங்க்ரஸ் ஸ்டேஷனுக்காக 1860களில் ஏகார் டவுன் என்ற ஏழைக் குடியிருப்பையே துடைத்தெடுத்தார்கள். உள்ளே ரயில் வந்து வீடு போகக்கூடாது என்று கவலைப்பட்டவர்கள், வெளியே போன வீடுகளைப் பற்றி அவ்வளவு கவலைப்படவில்லை.

இப்போது விமான நிலையத்துக்கு வருவோம். இருபதாம் நூற்றாண்டில் விமானங்கள் வந்தபோது அவற்றுக்குப் பெரிய நிலம் வேண்டியிருந்தது. பெரிய நிலம் ஊருக்கு வெளியேதான் கிடைக்கும். ஒவ்வொரு விமான நிலையமும் பக்கத்தில் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்த ரயில் பாதையைப் பிடித்துக்கொண்டது. கேட்விக் பிரைட்டன் பாதையின் மேலேயே உட்கார்ந்திருக்கிறது, அந்தப் பாதை விக்டோரியாவுக்குப் போகும். ஹீத்ரோவுக்குப் பக்கத்தில் ஓடியது கிரேட் வெஸ்டர்ன் பாதை, அது பாடிங்டனுக்குப் போகும். ஸ்டான்ஸ்டெட் பக்கத்துப் பாதை லிவர்பூல் ஸ்ட்ரீட்டுக்குப் போகும். 1846ல் கோடு போட்ட கனவான்களுக்கு விமானம் என்ற ஒன்று வரும் என்றே தெரியாது. ஆனால் விமானப் பயணி எந்த மூலையில் இறங்க வேண்டும் என்பதை அவர்கள்தான் முடிவு செய்துவிட்டார்கள்.

நகரின் நடுவுக்கு நேராகப் போக முதலில் கிடைத்த வழி பிக்காடில்லி லைன். 1977ல் அதை ஹீத்ரோ வரை நீட்டினார்கள். பெரிய உபகாரம், இன்றைக்கும் மலிவான வழி அதுதான். ஆனால் அந்த லைனின் நடுப்பகுதி 1906ல் திறந்தது. ஆபீஸ் போகிறவர்கள் கையில் குடையோடு நாலு ஸ்டேஷன் போவதற்காகத் தோண்டிய ஒடுங்கிய குழாய். அதில் 23 கிலோ பெட்டிகளோடு நாம் ஏறுகிறோம். 2022 ஜனவரியில் நான் வந்து இறங்கியபோது அப்படித்தான் ஏறினேன். ஹாமர்ஸ்மித்தில் இறங்கி, எதிர்ப் பிளாட்ஃபாரத்தில் டிஸ்ட்ரிக்ட் லைன் பிடித்து, நகரத்தின் முழு வயிற்றையும் குறுக்கே கடந்து ஈஸ்ட் ஹாம். ஒன்றரை மணி நேரத்துக்கு மேல். வெளியே வந்ததும் தமிழ்க் கடைப் பலகைகளைப் பார்த்தபோதுதான் உயிர் வந்தது.

ஈஸ்ட் ஹாமில் இருக்கும் பெரியவர்களைக் கேட்டால் இந்த ஹாமர்ஸ்மித் மாற்றலை மனப்பாடமாகச் சொல்வார்கள். யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர்களும் சரி, நம் பக்கத்திலிருந்து வந்தவர்களும் சரி, உறவுக்காரர்களைக் கூப்பிட்டுவர எத்தனையோ தடவை அந்தப் பிளாட்ஃபாரத்தில் நின்றவர்கள். விமானம் இறங்குவது மேற்குக் கோடி, மலிவாக வீடு கிடைத்தது கிழக்குக் கோடி. நடுவில் லண்டன்.

கதையில் ஒரு ஆளை இன்னும் சொல்லவில்லை. அவருக்காகத்தான் இந்தக் கட்டுரையே எழுத ஆரம்பித்தேன்.

பெயர் சார்லஸ் பியர்சன். சிட்டி ஆஃப் லண்டன் நகராட்சியின் வக்கீல். 1846 கமிஷன் முன்னால் அவர் ஒரு யோசனை வைத்தார். ஒவ்வொரு கம்பெனியும் ஒவ்வொரு மூலையில் நிற்பதற்குப் பதிலாக, ஃபாரிங்டனில் ஒரு மத்திய நிலையம் கட்டி எல்லாப் பாதைகளையும் அங்கே கொண்டுவாருங்கள் என்றார். அவர் யோசித்தது பணக்காரப் பயணிகளுக்காக அல்ல. நெரிசலில் ஒரே அறையில் குடும்பம் நடத்தும் தொழிலாளிகள், ஊருக்கு வெளியே காற்றோட்டமான வீட்டில் இருந்துகொண்டு மலிவான ரயிலில் வேலைக்கு வந்து போகலாமே என்பதுதான் அவர் எண்ணம். கமிஷன் ஏற்கவில்லை.

மனிதர் விடவில்லை. மேலே வரக்கூடாது என்றால் கீழே வருகிறோம் என்று, பாடிங்டனிலிருந்து ஃபாரிங்டன் வரை பூமிக்கடியில் ரயில் விடும் திட்டத்துக்காக வருடக்கணக்கில் வாதாடினார். அதுதான் உலகத்தின் முதல் சுரங்க ரயில். 1863 ஜனவரி 10ஆம் தேதி திறந்தது. அதன் பெரும்பகுதி அந்த நியூ ரோட்டின் அடியிலேயே ஓடுகிறது! பியர்சன் அதைப் பார்க்கவில்லை. 1862 செப்டம்பரில் இறந்துவிட்டார்.

அப்புறம் நூற்றைம்பது வருடத்துக்கு மேல் லண்டன் அவர் சொன்னதைத் துண்டு துண்டாகச் செய்துகொண்டிருக்கிறது. ஃபாரிங்டனுக்குத் தெற்கே ஸ்னோ ஹில் என்ற ஒரு சுரங்கம் 1866லேயே இருந்தது. 1916ல் பயணி ரயில்களை நிறுத்திவிட்டார்கள். 1988ல் அதை மறுபடி திறந்து தேம்ஸ்லிங்க் ரயில் விட்டார்கள். அதனால் தெற்கே கேட்விக்கும் வடக்கே லூட்டனும் ஒரே ரயில் பாதையில் வந்தன. கடைசியாக 2022 மே 24ஆம் தேதி எலிசபெத் லைனின் நடுப்பகுதி திறந்தது. 200 மீட்டர் நீள ரயில், மேற்கிலிருந்து கிழக்காக நகரத்தை நேராகத் துளைத்துக்கொண்டு போகிறது. டாட்டன்ஹாம் கோர்ட் ரோடில் பழைய நார்தர்ன் லைனுக்கு ஒரு மீட்டர்கூட இடைவெளி இல்லாமல் நுழைந்து போகிறது. அந்த வருடம் நவம்பரிலிருந்து ஹீத்ரோ ரயில் பாடிங்டனில் நிற்காமல் உள்ளே வர ஆரம்பித்தது.

இந்த இரண்டும் எங்கே சந்திக்கின்றன? ஃபாரிங்டனில்.

இன்றைக்கு அந்த ஸ்டேஷனில் நின்றால் ஹீத்ரோ, கேட்விக் மூன்றுக்கும்... இல்லை, எண்ணியே பார்த்துவிடலாம். ஹீத்ரோவுக்கு நேர் ரயில். கேட்விக்குக்கு நேர் ரயில். லூட்டன் ஏர்போர்ட் பார்க்வேக்கு நேர் ரயில், அங்கிருந்து 2023ல் வந்த குட்டி ரயில். ஒரே ஒரு ஸ்டாப் தள்ளி லிவர்பூல் ஸ்ட்ரீட் போனால் ஸ்டான்ஸ்டெட்டும் சவுத்எண்டும். சிட்டி ஏர்போர்ட்டுக்கு மட்டும் கொஞ்சம் சுற்றல். எலிசபெத் லைன் அதன் பக்கத்திலேயே ஓடுகிறது, ஆனால் அங்கே ஸ்டேஷன் கிடையாது. வுல்விச் வரை போய், டி.எல்.ஆர். பிடித்து இரண்டு ஸ்டாப் திரும்பி வர வேண்டும். ஆக, வேண்டாம் என்று ஒதுக்கிய இடத்தில்தான் 176 வருடம் கழித்து எல்லாம் வந்து சேர்ந்திருக்கிறது.

இப்படி முடித்தால் கதை சுபம். ஆனால் என் அறைத்தோழனைப் பற்றியும் சொல்ல வேண்டும். அவன் சனி, ஞாயிறுகளில் ஹீத்ரோவில் ஒரு கடையில் வேலை செய்கிறான். அதிகாலை ஷிஃப்ட். முதல் ரயிலைப் பிடித்தாலும் நேரத்துக்குப் போய்ச் சேர முடியாது என்பதால், இரவு பஸ் மாறி மாறிப் போகிறான். ஈஸ்ட் ஹாமில் இரவு ஒரு மணிக்கு மேல் கிளம்பினால் கதவைச் சாத்தும் சத்தத்தில் எனக்கு விழிப்பு வரும். அந்த பஸ்ஸில் பாதிப் பேர் ஏர்போர்ட்டில் கூட்டுகிறவர்கள், பெட்டி தூக்குகிறவர்கள், சமையலறையில் இருப்பவர்கள் என்பான். பகலில் திரும்பும்போதும் எலிசபெத் லைனில் ஏறமாட்டான். வேகம்தான், ஆனால் ஹீத்ரோவுக்கு பிக்காடில்லியைவிடக் கட்டணம் அதிகம். "நான் என்ன டூரிஸ்ட்டா?" என்பான்.

விமானப் பயணி வருடத்துக்கு ஒரு முறையோ இரண்டு முறையோ அந்தக் கோட்டைத் தாண்டுகிறார். விமான நிலையத்தில் வேலை செய்கிறவர் தினமும் தாண்டுகிறார். பியர்சன் ரயில் கேட்டது இரண்டாவது ஆளுக்காக. கட்டியிருப்பது அதிகமும் முதல் ஆளுக்காக. விமான நிலைய ரயில் என்று எங்கே பேச்சு எழுந்தாலும், எத்தனை நிமிடத்தில் போகும் என்றுதான் முதலில் கேட்கிறார்கள். முதல் ரயில் எத்தனை மணிக்கு, டிக்கெட் எவ்வளவு என்பதையும் சேர்த்துக் கேட்டால் நன்றாக இருக்கும். நம் ஊர்களிலும் மெட்ரோவுக்குக் கோடு போட்டுக்கொண்டிருக்கும் காலம் இது. இன்று போடும் கோட்டுக்கு வெளியே யார் நிற்கப்போகிறார்கள் என்பதை, கோடு போடும்போதே கேட்பதுதான் நல்லது. பிறகு மாற்ற எத்தனை வருடம் ஆகும் என்பதற்கு ஃபாரிங்டன் இருக்கிறது.