ஒரு சிறிய நேர் எண்

1998இல் இரண்டு வானியல் குழுக்கள், பிரபஞ்சம் விரியும் வேகம் கூடிக்கொண்டே போகிறது என்று கண்டுபிடித்தன. அவர்கள் அளவுகோலாக வைத்துக்கொண்டது வெண்குள்ள விண்மீன் வெடிக்கும் ஒருவகை சூப்பர்நோவா. அந்த விண்மீன் தாங்கும் நிறைக்கு ஓர் எல்லை உண்டு, சூரியனைப்போல் ஏறத்தாழ 1.4 மடங்கு. 1930இல் இங்கிலாந்துக்குக் கப்பலில் போகும்போது அதைக் கணக்கிடத் தொடங்கியவர் சென்னை மாநிலக் கல்லூரியில் படித்த 19 வயது சந்திரசேகர். (தமிழர் என்று மார்தட்டிக்கொள்ளலாம், தப்பில்லை.)

வேகம் கூட வேண்டுமென்றால் வெற்றிடத்துக்கே கொஞ்சம் ஆற்றல் இருக்கணும். மிகச் சிறியது, ஆனால் நேர் எண். இழைக் கோட்பாட்டுக்கு இந்த 'நேர்'தான் தொண்டையில் சிக்கிய முள். அதன் சமன்பாடுகளில் சுழியமும் எதிர் எண்ணும் எளிதாகக் கிடைக்கின்றன, நேர் எண் கிடைப்பதில்லை.

இதையெல்லாம் எங்கள் நிபோங் திபாலில் நான் பேச வேண்டி வந்ததற்குக் காரணம் மாமா மகன். பொறியியல் வளாகம் பக்கத்திலேயே, திரான்ஸ்கிரியானில் இருக்கிறது. அவனோ தீவுக்குப் போய் இயற்பியல் படிப்பேன் என்கிறான். மாமா செம்பனைக் குலை லோரி ஓட்டுபவர். "நாப்பது வருசமா கணக்குப் போட்டும் முடிவு தெரியலனா, இவன் போயி என்ன செய்யப் போறான்?"

2003இல் கச்ரு, கல்லோஷ், லிண்டே, மும்பை டாடா ஆய்வு நிறுவனத்தின் சந்தீப் திரிவேதி ஆகிய நால்வரும் ஒரு வழி காட்டியதைச் சொன்னேன். மறைந்திருக்கும் கூடுதல் பரிமாணங்களை முதலில் அசையாமல் கட்டிப்போடுகிறார்கள். அப்போது ஆற்றல் எதிர் எண்ணாக வருகிறது. பிறகு எதிர்பிரேன் என்ற ஒன்றை உள்ளே வைத்து, சுழியத்துக்குச் சற்று மேலே தூக்குகிறார்கள். பள்ளத்தில் இறங்கிய லோரிக்கு ஜாக் வைக்கிற மாதிரி.

"ஜாக் நழுவுனா?" என்றார் மாமா.

அந்த நால்வரே அது என்றைக்கும் நிற்கும் என்று சொல்லவில்லை. கணக்கிட முடியாத நெடுங்காலம் நிற்கும் என்றார்கள். 2018இல் கம்ரன் வாஃபாவும் கூட்டாளிகளும் இன்னும் கடுமையாகப் போனார்கள்: இழைக் கோட்பாட்டில் அப்படியொரு நிலையே கிடையாது என்பது அவர்கள் ஊகம். அது சரியென்றால் இருண்ட ஆற்றல் மாறிலியாக இருக்க முடியாது, காலத்தோடு மாறணும். 'சோதிக்கவே முடியாத கோட்பாடு' என்று கிண்டலடிப்பவர்கள் இந்த இடத்தில் கொஞ்சம் நிற்கலாம். ஏனென்றால் இது வானத்தில் பார்த்துச் சொல்லக்கூடிய விஷயம். அரிசோனாவிலிருந்து அளக்கும் டெசி கருவி 2024இலும் 2025இலும் தந்த தரவுகளில் அந்த மாற்றத்தின் சாயல் இருக்கிறது. கண்டுபிடிப்பு என்று அறிவிக்கும் உறுதி இன்னும் வரவில்லை.

மாமா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு மகனிடம், விண்ணப்பத்தில் இரண்டாவது விருப்பமாகப் பொறியியலைப் போடச் சொன்னார்.