தாளம் தட்டியவரின் பெயர்

ஒரு பாட்டு காதில் விழுந்ததும் நாம் கேட்பது "யார் பாடியது?" என்றுதான். சற்று இசை நாட்டம் உள்ளவர் "யார் இசையமைத்தது?" என்றும் கேட்பார். "யார் வாசித்தது?" என்று கேட்பவரை நான் அபூர்வமாகவே கண்டிருக்கிறேன். எனக்குள் அந்தக் கேள்வியை எழுப்பியவர் மொரிஸ் வைட் என்ற அமெரிக்கக் கறுப்பினக் கலைஞர்.

'எர்த், விண்ட் அண்ட் ஃபயர்' என்னும் குழுவின் தலைவராகவே உலகம் அவரை அறியும். எனக்கு அவர் முக்கியமாவது அதற்கு முந்திய வாழ்க்கையினால். 1941 இல் மெம்பிஸ் நகரில் பிறந்த அவர், அறுபதுகளில் சிக்காகோவின் செஸ் இசைத்தட்டு நிறுவனத்தில் ட்ரம்ஸ் வாசிக்கும் தொழிலாளியாக இருந்தார். தொழிலாளி என்ற சொல்லைத் தெரிந்தேதான் எழுதுகிறேன். ஒலிப்பதிவுக் கூடத்துக்கு வரவேண்டும். அன்று சோல் பாடகர் வந்தால் அதற்கேற்பவும் ஜாஸ் கலைஞர் வந்தால் அதற்கேற்பவும் வாசிக்கவேண்டும். கூலியைப் பெற்றுக்கொண்டு போகவேண்டும். பாட்டு எவ்வளவு விற்றாலும் அந்த இலாபத்தில் பங்கில்லை. இசைத்தட்டின் நடுவில் ஒட்டிய வட்டத்தாளில் பெயரும் இல்லை.

1965 இல் பொன்டெல்லா பாஸ் பாடிய 'ரெஸ்கியூ மீ' அமெரிக்காவெங்கும் ஒலித்தது. அதில் ட்ரம்ஸ் வாசித்தவர் வைட். பேஸ் கிட்டார் லூயிஸ் சட்டர்ஃபீல்ட். பின்குரல் கொடுத்தவர்களில் ஒருவர், பிற்காலத்தில் பெரும் பாடகியான மினி ரிப்பர்ட்டன். அந்தப் பாட்டின் உருவாக்கத்தில் தனக்கும் பங்குண்டென்றும் எழுதியவர்கள் பட்டியலில் தன் பெயர் சேர்க்கப்படவில்லையென்றும் பொன்டெல்லா பாஸ் பின்னாளில் சொல்லிவந்தார். தொண்ணூறுகளில் ஒரு கடனட்டை விளம்பரத்தில் தன் குரலையே கேட்டு, வழக்குத் தொடர்ந்துதான் அவர் பணம் பெறவேண்டியிருந்தது. முன்னால் நின்று பாடியவரின் நிலை இதுவென்றால், பின்னால் இருந்து தாளம் தட்டியவரின் நிலையைச் சொல்லத் தேவையில்லை.

1966 இல் வைட், ராம்ஸி லூயிஸ் என்ற ஜாஸ் பியானோக் கலைஞரின் மூவர் குழுவில் சேர்ந்தார். இக்காலத்தில் அவர் கைக்கு வந்தது கலிம்பா. ஆபிரிக்காவின் எம்பிரா வகை வாத்தியங்களைப் பின்பற்றிச் செய்யப்பட்டது. சிறு மரப்பெட்டியில் உலோக நாக்குகளைப் பொருத்தி, இரு பெருவிரல்களாலும் மீட்டுவார்கள். 1969 இல் வெளிவந்த லூயிஸின் இசைத்தட்டொன்றில் 'உஹுரு' என்ற உருப்படியில் வைட் அதை வாசித்தார். உஹுரு என்றால் சுவாஹிலியில் சுதந்திரம். அரபியின் 'ஹுர்' என்ற வேரிலிருந்து கிழக்காபிரிக்கக் கரைக்குப் போன சொல் அது. கடல்வழியே வந்த அரபுச் சொற்களோடு தமிழ் பேசும் நமக்கு அதன் பயணம் அந்நியமானதல்ல.

கூலிக்கு வாசித்த வைட் 1970 அளவில் லொஸ் ஏஞ்சல்ஸ் சென்று, சொந்தக் குழு அமைத்து, தயாரிப்பாளரானார். தயாரிப்பாளர் என்றதும் சினிமாவுக்குப் பணம் போடும் முதலாளியை நினைக்கவேண்டாம். எந்தப் பாட்டு, எந்த வேகம், எந்த வாத்தியம் எங்கே பேசவேண்டும், எங்கே மௌனமாக வேண்டும் என்பதைத் தீர்மானிக்கும் காது அது. தன் தயாரிப்பு நிறுவனத்துக்கு அவர் வைத்த பெயரும் கலிம்பாதான்.

அந்தக் காது செய்த முதற் காரியங்களைப் பாருங்கள். செஸ் நாட்களில் தன்னோடிருந்த இசை ஒழுங்கமைப்பாளர் சார்ள்ஸ் ஸ்டெப்னியை அழைத்துக்கொண்டார். 1975 இல் 'தட்ஸ் த வே ஒஃப் த வேர்ல்ட்' இசைத்தட்டு அமெரிக்கப் பட்டியலில் முதலிடம் பெற்றபோது, அதில் இணைத் தயாரிப்பாளராக ஸ்டெப்னியின் பெயர் இருந்தது. சட்டர்ஃபீல்டும் வந்து, குழுவுக்கு ஊதும் ஃபீனிக்ஸ் ஹோர்ன்ஸில் டிரொம்போன் வாசித்தார். ஒருகாலத்தில் தனக்குச் சம்பளம் கொடுத்த ராம்ஸி லூயிஸுக்கு 1974 இல் 'சன் கொடஸ்' என்ற வெற்றியைத் தயாரித்துக் கொடுத்தார். சிக்காகோவைச் சேர்ந்த இமோஷன்ஸ் சகோதரிகள், தங்கள் நிறுவனம் வீழ்ந்து தனித்து நின்றபோது அவர்களை ஏற்றார். 1977 இல் 'பெஸ்ட் ஒஃப் மை லவ்' ஐந்து வாரம் முதலிடத்தில் நின்றது. ஸ்டீவி வொண்டருக்குப் பின்குரல் பாடிய டெனீஸ் வில்லியம்ஸை முன்னுக்குக் கொண்டுவந்ததும் அவரே. பின்னால் நின்றவர்களை அவரால் அடையாளம் காண முடிந்தது. அவரும் அங்கேதானே நின்றிருந்தார்!

எண்பதுகளில் எங்கள் ஊர்க் கடைத்தெருவில் கசட் பதிந்து கொடுக்கும் நானா ஒருவர் இருந்தார். வெறும் கசட் கொடுத்தால் கேட்ட பாட்டெல்லாம் பதிந்து, உள்தாளில் நீல மையால் பாட்டின் பெயரை எழுதித் தருவார். இக்குழுவை நான் முதலில் கேட்டது அப்படித்தான். தாளில் இருந்தது பாட்டும் குழுவும் மட்டும். வைட் பாடுபட்டு உறையில் அச்சிட்ட பெயர்களெல்லாம் கடல் தாண்டி என்னிடம் வந்தபோது உதிர்ந்து போயிருந்தன. அவற்றை நான் படித்தது பல வருடங்களுக்குப் பிறகு, ஓர் அசல் உறை கைக்கு வந்தபோதுதான். ஸ்டெப்னி 1976 மே மாதம் மாரடைப்பால் காலமானார், வயது 45 என்பதையும் அதன் பின்னரே அறிந்தேன். இத்தனை வருடமாக நான் ரசித்த வயலின் ஒழுங்குகளுக்குரிய மனிதர், நான் ரசிக்கத் தொடங்குமுன்பே போய்ச் சேர்ந்திருந்தார்.

ஆனால், வைட் கட்டிய வீட்டிலும் பின்கட்டு ஒன்று இருந்தது. ஃபீனிக்ஸ் ஹோர்ன்ஸ் கலைஞர்கள் குழுவின் முழு அங்கத்தவர்களாகக் கணிக்கப்படவில்லை. 2000 ஆம் ஆண்டு ரொக் அண்ட் ரோல் கௌரவ மண்டபத்தில் குழுவின் ஒன்பது பேர் சேர்க்கப்பட்டார்கள். சட்டர்ஃபீல்டின் பெயர் அதில் இல்லை. 'ரெஸ்கியூ மீ' தொடக்கத்தில் நம்மை இழுத்துக்கொள்ளும் அந்த பேஸ் ஒலி அவருடையது. ஒரு கதவைத் திறந்தவரும் இன்னொரு கதவுக்கு வெளியே சிலரை நிறுத்திவிடுகிறார் என்பதை வைட்டின் குறையாக மட்டும் என்னால் பார்க்க முடியவில்லை. பட்டியல் என்பதே எங்காவது முடியவேண்டிய ஒன்று. ஒலிக்கு அந்த எல்லை இல்லை.

1992 இல் வைட்டுக்குப் பார்க்கின்சன் நோய் கண்டறியப்பட்டது. 1994 இல் குழுவோடு ஊர் ஊராகச் செல்வதை நிறுத்தினார். மேடையில் மற்றவர்கள் பாட, அவர் ஒலிப்பதிவுக் கூடத்திலிருந்து தயாரிப்பு வேலையைத் தொடர்ந்தார். 2016 பெப்ரவரியில் காலமானார். கூட்டம் காணாத அறையில் தொடங்கிய தொழிலை, கூட்டம் காணாத அறையிலேயே கடைசிவரை செய்தார். இப்போது பாட்டுக் கேட்கும்போது குரலைச் சற்றுநேரம் ஒதுக்கிவிட்டு அதன் கீழே ஓடும் கைகளைத் தேடுகிறேன். சில கைகளுக்குப் பெயர் கிடைக்கிறது. பலவற்றுக்கு இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன்.