ஆத்தூர் சாலையில் கிழங்கு வண்டிகள்

சேலத்திலிருந்து ஆத்தூர் போகும் சாலையில் தை மாதம் பஸ் ஏறினால், ஜன்னல் வழியே வெள்ளைக் களங்கள் கண்ணைக் கூசும். ஜவ்வரிசியும் மாவும் காய்கின்றன. கூடவே புளித்த வாடை. ஆலைக் கழிவுநீரின் வாடை அது, ஊர்க்காரர்களுக்குப் பழகிவிட்டது. மரவள்ளிக்கு இங்கே குச்சிக்கிழங்கு என்றே பேச்சு.

இரண்டாம் உலகப் போரில் வெளிநாட்டு ஜவ்வரிசி வரத்து நின்றபோது, 1943-ல் சேலத்தில் பிடித்த தொழில் இது. 1981-ல் சேகோசர்வ் கூட்டுறவுச் சங்கம் வந்தது. 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் தமிழ்நாட்டில் தடையானபின், அதே மாவுக்கு இன்னொரு கிராக்கி பேசப்படுகிறது: மக்கும் பை.

ஆலை வாசலில் டிராக்டர்கள் வரிசையாக நிற்கின்றன. வண்டியிலிருந்து கொஞ்சம் கிழங்கை எடுத்து, தண்ணீரில் அமிழ்த்தி எடை பார்த்து மாவுச்சத்தைக் கணக்கிடுகிறார்கள். அதுதான் பாயிண்ட். 28 பாயிண்ட் என்றால் 100 கிலோ கிழங்கில் 28 கிலோ மாவுச்சத்து. விலை அதன்மேல்தான். மழை பெய்து செடி புதுத் துளிர் விட்டால் பாயிண்ட் இறங்கிவிடும். பத்து மாதப் பாடு அந்த ஒரு தொட்டியில் தெரிந்துவிடும்.

வரிசையில் நின்ற ஒரு விவசாயிக்கு 25 பாயிண்ட்தான் வந்தது. மக்காச்சோளக் காட்டையும் குச்சிக்கு மாற்றலாமா என்று யோசனையில் இருப்பவர்.

“பை கம்பெனி வந்தா விலை கூடுமாண்ணே?”

“பைக்காரன் கிழங்கு வாங்க மாட்டான் தம்பி, மாவுதான் கேப்பான். மக்காச்சோள மாவு மலிவா கெடச்சா அங்க போயிடுவான்” என்றார் எடை போடுபவர்.

அவர் சொன்னதில் நியாயம் உண்டு. தோண்டிய கிழங்கு இரண்டு மூன்று நாளில் கெட்டுவிடும்; தூரத்து ஆலைக்குப் போய்ச் சேராது. பைக்கும் மாவு மட்டும் போதாது. மாவோடு கிளிசரின் சேர்த்துச் சூடாக்கினால் பிளாஸ்டிக் போல இளகும், ஆனால் தண்ணீர் பட்டால் ஊறிப்போகும். அதனால் மக்கக்கூடிய வேறொரு பிளாஸ்டிக்கைக் கலக்கிறார்கள். பெரும்பாலும் கலப்பது பிபிஏடி. அது பெட்ரோலியத்திலிருந்து வருவது. “கிழங்குப் பை” என்று விற்பதில் கிழங்கின் பங்கு ஒரு பகுதிதான். வாங்குபவர்கள் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் சான்று இருக்கிறதா என்று கேட்பது நல்லது. நடுகிறவர்கள் கேட்க வேண்டியது வேறு: எவ்வளவு வாங்குவார்கள், பாயிண்டுக்கு என்ன விலை, அதை எழுத்தில் தருவார்களா?

போதாக்குறைக்கு, 2020-க்குப் பிறகு மரவள்ளி மாவுப்பூச்சி வேறு இந்த வட்டாரத்தை வாட்டியிருக்கிறது. வயல் பார்த்துக் கரணை எடுக்காவிட்டால் புதுக் காட்டுக்கும் அது கூடவே வந்துவிடும்.

அந்த விவசாயி சீட்டை மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். மக்காச்சோளம் இந்தப் பட்டத்துக்கு இருக்கட்டும் என்றார். திரும்பும்போது மாட்டுக்கென்று நாலு மூட்டை திப்பி ஏற்றிக்கொண்டார்.