பத்துக்கு எத்தனை?

ஸ்காபரோவிலோ மார்க்கத்திலோ தமிழர் கூடும் கொண்டாட்டம் எதற்குப் போனாலும், மூன்று வயதுப் பிள்ளையை வைத்திருக்கும் பெற்றோர் ஒரு பக்கமாக இருந்து ஒரே விடயத்தைப் பேசிக்கொண்டிருப்பார்கள். எந்தப் பாடசாலை, அதற்குப் பத்துக்கு எத்தனை? கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில் பிள்ளைக்கு நான்கு வயது நிறையும் ஆண்டின் செப்டம்பரில் ஜே.கே. என்ற முதல் பாலர் வகுப்பு தொடங்குகிறது. அதற்கான பதிவு அந்த ஆண்டின் ஆரம்பத்திலேயே வந்துவிடும். ஆகவே கவலையும் முன்கூட்டியே வந்துவிடுகிறது.

எங்களுக்கும் வந்தது. மகளுக்கு மூன்று வயதாக இருந்தபோது சொந்த வீடு தேடினோம். எங்கள் கைக்கு எட்டக்கூடிய இரண்டு வீடுகள் ஒரு பெருந்தெருவின் இரு பக்கங்களில் இருந்தன. பாடசாலை எல்லை அந்தத் தெருவோடு பிரிந்தது. இங்கே அரசுப் பாடசாலையில் பிள்ளைக்கு உரிய இடத்தை வீட்டு முகவரிதான் தீர்மானிக்கிறது. ஒரு பக்கத்துப் பாடசாலைக்குப் பத்துக்கு எட்டுக்கு மேல், மறுபக்கத்துக்கு ஐந்தரை. வீடு காட்டிய முகவர் விலையைச் சொல்வதற்கு முன் இந்தப் புள்ளியைத்தான் சொன்னார். எட்டுப் புள்ளிப் பக்கத்தில் விலையும் கூட.

இந்தப் புள்ளி எங்கிருந்து வருகிறது என்று பலர் கேட்பதில்லை. ஈ.கியூ.ஏ.ஓ. என்ற மாகாண அமைப்பு மூன்றாம், ஆறாம் வகுப்பு மாணவருக்கு வாசிப்பு, எழுத்து, கணிதம் ஆகியவற்றில் ஆண்டுதோறும் பரீட்சை வைக்கிறது. முடிவுகள் நான்கு நிலைகளில் வரும். மூன்றாம் நிலைதான் மாகாணத் தரம். வன்கூவரிலுள்ள ஃப்ரேசர் நிறுவனம் என்ற தனியார் ஆய்வு அமைப்பு இந்த முடிவுகளைத் தன் முறைப்படி கணக்கிட்டு, ஒவ்வொரு பாடசாலைக்கும் பத்துக்கு ஒரு புள்ளி இட்டு வரிசைப்படுத்துகிறது. அரசு தரும் தரவரிசை அல்ல இது.

நம்மவர்கள் இந்த வரிசையை உடனே நம்பிவிடுவதற்குக் காரணம் உண்டு. இலங்கையில் ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசில் பரீட்சையின் வெட்டுப்புள்ளிதான் கிராமத்துப் பிள்ளைகள் பலருக்குப் பெரிய பள்ளிக்கூடத்தின் கதவைத் திறந்தது. முதலாம் வகுப்பு அனுமதிக்கே வீட்டின் தூரத்துக்கு இவ்வளவு, பெற்றோர் பழைய மாணவர் என்பதற்கு இவ்வளவு என்று புள்ளிகள். பெரிய பள்ளிக்கூடத்தில் ஆய்வுகூடமும் நூலகமும் இருந்தன. ஊர்க்கோடிப் பள்ளிக்கூடத்தில் கணிதத்துக்கு ஆசிரியரே இல்லாத காலம் இருந்தது. அந்தப் பயத்தோடு வந்த பெற்றோரைக் குறைசொல்ல என்னால் முடியாது.

ஆனால் இங்குள்ள ஏற்பாடு வேறு. 1998 முதல் ஒன்ராறியோவில் பாடசாலைக்கான நிதியை மாகாண அரசே பங்கிடுகிறது. சுற்றியுள்ள வீடுகள் விலை கூடியவை என்பதற்காக ஒரு பாடசாலைக்கு அரசுப் பணம் கூடுவதில்லை. பாடத்திட்டம் ஒன்று. ஒரே கல்விச் சபைக்குள் ஆசிரியரின் சம்பளத் திட்டமும் ஒன்று. முதல் மூன்று வகுப்புகளில் 23 பிள்ளைகளுக்கு மேல் இருக்கக்கூடாது என்ற வரம்பு எட்டுப் புள்ளிப் பாடசாலைக்கும் ஐந்தரைப் புள்ளிப் பாடசாலைக்கும் பொது. பெற்றோர் திரட்டும் நன்கொடையில் வசதியான பகுதிகள் முந்துவது உண்மைதான். அந்தப் பணம் விளையாட்டுத் திடலுக்கும் சுற்றுலாவுக்கும் உதவும். வகுப்பாசிரியரை அது நியமிப்பதில்லை.

அப்படியானால் புள்ளி ஏன் இவ்வளவு வேறுபடுகிறது? பெரும்பகுதி விடை, பிள்ளைகள் வரும் வீடுகளில் இருக்கிறது. ஆங்கிலம் முதன்மொழியாக இல்லாதவர்கள், அண்மையில் கனடாவுக்கு வந்தவர்கள், குறைந்த வருமானக் குடும்பத்தினர், விசேட கல்வி பெறுவோர் என்று ஒவ்வொரு பாடசாலையின் மாணவர் வீதத்தையும் மாகாணக் கல்வி அமைச்சே வெளியிடுகிறது. நாங்கள் இரண்டு பாடசாலைகளின் விபரங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். ஐந்தரையில் புதிதாக வந்த குடும்பங்கள் மிக அதிகம். இரண்டு வருடத்துக்கு முன் விமானத்தில் வந்திறங்கிய பிள்ளையும் அங்கே மூன்றாம் வகுப்பில் ஆங்கிலப் பரீட்சை எழுதுகிறது. ரொறன்ரோ மாவட்டக் கல்விச் சபையிடம் இன்னொரு பட்டியலும் உண்டு. குடும்ப வருமானம், பெற்றோரின் கல்வி போன்றவற்றை வைத்து, எந்தப் பாடசாலையின் பிள்ளைகள் வெளியே அதிகச் சிரமங்களைச் சந்திக்கிறார்கள் என்று அது காட்டும். அதில் மேலே நிற்கும் பாடசாலைகளுக்கு மேலதிக வளங்கள் போகின்றன.

மாணவர் எண்ணிக்கையையும் மறக்கக்கூடாது. ஒரு பாடசாலையின் மூன்றாம் வகுப்புப் பிரிவுகள் எல்லாவற்றிலும் சேர்த்தே 25 பிள்ளைகள்தான் என்றால், ஒரு பிள்ளை தடுமாறினாலே மாகாணத் தரத்தை எட்டியவர்களின் வீதம் நூற்றுக்கு 4 இறங்கிவிடும். ஒரு ஆண்டின் புள்ளியைப் பார்த்து வீடு வாங்குவது அறிவான செயலல்ல.

எல்லாப் பாடசாலைகளும் சமம் என்று நான் சொல்லவரவில்லை. வித்தியாசம் உண்டு, அதை நேரில் போய்த்தான் பார்க்கவேண்டும். ஒன்ராறியோ மனித உரிமைகள் ஆணையம் 2022இல் வெளியிட்ட அறிக்கை, மாகாணப் பாடசாலைகளில் வாசிப்புக் கற்பிக்கும் முறையே பல பிள்ளைகளைக் கைவிடுகிறது என்று சொன்னது. 2023இல் எழுத்தொலி முறைக்கு முக்கியம் தரும் புதிய மொழிப் பாடத்திட்டம் வந்தது. எஸ்.கே. என்ற இரண்டாவது பாலர் வகுப்பு முதல் இரண்டாம் வகுப்பு வரை வாசிப்புத் திறனை ஆரம்பத்திலேயே பரிசோதிப்பதும் கட்டாயமானது. ஆகவே இரண்டு இடத்திலும் நாங்கள் கேட்ட முக்கியமான கேள்வி இதுதான்: பரிசோதனையில் பின்தங்கிய பிள்ளைக்கு அடுத்த கிழமை என்ன செய்வீர்கள்? ஓரிடத்தில் "எங்கள் பிள்ளைகளுக்கு அப்படி அதிகம் வருவதில்லை" என்றார்கள். மற்ற இடத்தில் சிறு குழுவாக வாசிக்கும் அறையைக் காட்டி, ஆங்கிலம் புதிதான பிள்ளைகளுக்குரிய ஆசிரியர் எந்த நாளில் எந்த வகுப்புக்கு வருவார் என்ற அட்டவணையையும் எடுத்துத் தந்தார்கள். அதுதான் ஐந்தரை.

அந்தப் பக்கத்தில் வெகுகாலம் இருக்கும் ஒரு அக்காவிடமும் கேட்டேன். "தங்கச்சி, என்ர மூத்தவனுக்குக் கண் வடிவாத் தெரியேல்லை எண்டு எங்களுக்கே தெரியாது. கரும்பலகையைப் பாக்க அவன் முன்னுக்கு முன்னுக்குப் போறான் எண்டு டீச்சர்தான் கூப்பிட்டுச் சொன்னவ. புள்ளியில அது வராதெல்லோ" என்றார்.

நாங்கள் அந்தப் பக்கத்து வீட்டையே வாங்கினோம். மகள் நடந்து போய் வருகிறாள். இருவரும் வேலைக்குப் போகிற எங்களுக்குப் பாடசாலைக் கட்டடத்திலேயே இருக்கும் பின்னேரப் பராமரிப்பு பெரிய ஆறுதல். சனிக்கிழமை தமிழ் வகுப்பு. மற்ற நாட்களில் ஆங்கிலப் புத்தகங்களைத் தானே தேடி எடுக்கிறாள்.

வீடு மாறும் யோசனையில் இருப்பவர்களுக்குச் சொல்ல என்னிடம் சில வார்த்தைகள் உண்டு. அதிபர் அடிக்கடி மாறுகிறாரா, ஆசிரியர்கள் நிலைத்து நிற்கிறார்களா, நூலகம் திறந்திருக்கிறதா, தொலைபேசி எடுத்தால் பதில் வருகிறதா என்று பாருங்கள். பிள்ளைக்கு விசேட உதவி வேண்டுமென்றால் அந்த உதவி எங்கே இருக்கிறதோ அங்கே போங்கள். சேர்த்த பிறகு வாசலில் நின்று திரும்பிவிடாதீர்கள். ஒன்ராறியோச் சட்டப்படி ஒவ்வொரு அரசுப் பாடசாலையிலும் ஒரு பாடசாலைச் சபை இருக்கவேண்டும். அதில் பெற்றோரே பெரும்பான்மை. பாடசாலை ஆண்டு தொடங்கி 30 நாட்களுக்குள் தேர்தல் நடக்கும். ஆங்கிலம் சரளமாக வராவிட்டாலும் பரவாயில்லை, இந்தச் செப்டம்பரில் உங்கள் பெயரைக் கொடுங்கள்.