மாமனார் காரும் சம்பா நெல் பணமும்

எங்கள் வீட்டில் ஒரு பழைய அம்பாசிடர் கார் இருக்கிறது. 1972-ல் என் மாமனார் வாங்கியது. மார்க் 2 மாடல். அந்த நாளில் எங்கள் பாபநாசம் பக்கம் யாருக்குப் பிரசவ வலி கண்டாலும் இந்த வண்டிதான் தஞ்சாவூருக்குப் பறக்கும். 2014-ல் அம்பாசிடர் தயாரிப்பையே நிறுத்திவிட்டார்கள். அதிலிருந்து என் வீட்டுக்காரருக்கு இதன்மேல் பாசம் இரட்டிப்பாகிவிட்டது.

தை மாதம் சம்பா நெல் விற்ற பணம் கைக்கு வந்ததும், "அப்பா காருக்குப் பெயிண்ட் அடிச்சிடலாமா?" என்றார். மகள் ஏழாம் மாதம், தலைப்பிரசவத்துக்கு வந்திருக்கிறாள். செலவு வரிசை கட்டி நிற்கிறது. ஆனாலும் மாமனார் வண்டியாயிற்றே! "எவ்வளவுங்க ஆகும்?" என்று மட்டும் கேட்டேன்.

கும்பகோணத்தில் ஒரு பட்டறைக்காரர் 45 ஆயிரம் என்றார். தஞ்சாவூரில் ஒருவர் ஒன்றே முக்கால் லட்சம் என்றார். ஒரே வண்டி, அதே வெள்ளை நிறம். பட்டுப் புடவைக் கடையில்கூட இப்படி ஒரு வித்தியாசத்தை நான் பார்த்ததில்லை. (மகளுக்கு மெரூன் ஆசை. நிறத்தை மாற்றினால் ஆர்.சி. புத்தகத்திலும் மாற்ற வேண்டுமாம். போதுமடா சாமி என்று விட்டுவிட்டோம்.)

விஷயம் பெயிண்டில் இல்லை, அதற்கு அடியில் இருக்கிறது. தஞ்சாவூர்த் தம்பி ஒரு சின்னக் காந்தத்தைத் துணியில் சுற்றிக் கதவு மேல் வைத்தார். மேலே 'டக்'கென்று ஒட்டிக்கொண்டது. கதவின் அடிப்பக்கம் வந்ததும் நழுவி விழுந்தது. "இங்க தகரமே இல்லம்மா, வெறும் பட்டி" என்றார். சில வருஷங்களுக்கு முன் ஒரு பட்டறையில் பளபளவென்று அடித்துக் கொடுத்தார்களே, அதன் லட்சணம் இது! துருவை வெட்டி எடுக்காமல் மேலே பட்டியை அப்பி மூடியிருக்கிறார்கள். பட்டி ஈரத்தை உறிஞ்சும். உள்ளே துரு பரவும். இரண்டு ஐப்பசி மழை போனால் பெயிண்ட் அப்பளம் மாதிரி கொப்பளித்துவிடும்.

முறையாகச் செய்வதென்றால் பழைய பெயிண்டைச் சுரண்டி, துருப்பிடித்த இடத்தை வெட்டி, புதுத் தகடு வைத்து வெல்டிங் செய்து, தட்டி நேராக்க வேண்டும். அதற்கு மேல் மெல்லிசாகப் பட்டி, பிறகு பிரைமர், வாட்டர் பேப்பர் தேய்ப்பு. நிறம் கடைசியில்தான். கூலி முழுக்க இந்த டிங்கரிங் வேலைக்குத்தான் போகிறது.

இதற்கிடையில் தெரிந்த பெயிண்டர் ஒருவர், "உங்க மாட்டுக் கொட்டகையிலயே பாதி விலைக்கு அடிச்சுத் தர்றேன்" என்று வந்தார். இவர் முகம் மலர்ந்துவிட்டது. நான் ஒரே பிடியாக மறுத்துவிட்டேன். பழைய பெயிண்டில் ஈயம் இருக்கக்கூடும். காயவைத்துத் தேய்த்தால் அந்தத் தூசி வீடெல்லாம் படியும். வயிற்றுப் பிள்ளைக்கும், தவழும் குழந்தைக்கும் ஆகாது. இப்போதைய இரண்டு டப்பா பெயிண்டில் கலக்கும் ஹார்டனரில் ஐசோசயனேட் என்ற ரசாயனம் உண்டு. அந்தப் புகை ஆஸ்துமாவையே வரவழைக்கும். மூக்கில் கைக்குட்டை கட்டினால் போதாது.

"அவ குழந்தையோட புகுந்த வீட்டுக்குப் போனப்புறம் அடிச்சா என்ன?" என்று கேட்டார். "அந்தத் தூசி நம்மளோடதானே இருக்கும்?" என்றேன். பேச்சு நின்றது.

கடைசியில் தஞ்சாவூர்க்காரரிடமே பேசினோம். பம்பர் நிக்கல் முலாமும், சீட் வேலையும் அடுத்த அறுவடைக்குத் தள்ளி, ஒன்றேகால் லட்சத்துக்கு முடித்தோம். பட்டி பூசும் முன் தகரத்தைக் காட்ட வேண்டும் என்பது என் நிபந்தனை. அவரும் முகம் சுளிக்காமல் கூப்பிட்டுக் காட்டினார். டிக்கியில் ஸ்டெப்னி வைக்கும் இடம் சல்லடையாக இருந்தது!

வண்டி பங்குனியில் வந்தது. கதவடியில் தண்ணீர் வடிய சின்னச் சின்ன ஓட்டைகள் உண்டு, மண் அடைத்துக்கொள்ளும். மாதம் ஒரு தடவை ஈர்க்குச்சியால் குத்திவிடுகிறேன். மழை நின்றதும் உள்விரிப்பை எடுத்து வெயிலில் போடுகிறேன். மாட்டுக் கொட்டகை ஈரத்தில் இனி நிறுத்தக் கூடாது என்றதும், நெல் போடும் கூடத்தில் பாதியைக் காருக்கு ஒதுக்கிவிட்டார் இவர். மூட்டைகளை எங்கே அடுக்குவது என்பதுதான் இப்போது எங்கள் சண்டை.