கிளச்சின்றிக் கடந்த வழி

கல்லூரியிற் பொறிமுறை பயின்றோர்க்கு இது புதுமையன்று. மோட்டார்ச் சைக்கிளின் கியர்ச் சக்கரங்கள் எப்பொழுதும் ஒன்றோடொன்று கோத்தே சுழல்வன. கியரை மாற்றுகையில் விலகிச் சேர்வன பக்கப் பற்களே. இயந்திரத்தின் இழுவை ஒரு கணம் தளருமாயின் அவை எளிதில் விடுபடும்.

1993ஆம் ஆண்டு, பொருளாதாரத் தடையாற் பெற்றோல் அருகிப்போக, யாழ்ப்பாணத்தில் மண்ணெண்ணெயிலேயே ஓடித்திரிந்தோம். உயர்தரப் பரீட்சைக்கு மருமகனை ஏற்றிச் சென்ற காலை, சாவகச்சேரி தாண்டியதும் கிளச் வயர் அறுந்தது. மாற்று வயருக்கு எங்கே போவது?

"மாமா, நேரம் போகுது" என்றான்.

நியூற்றலில் இயந்திரத்தை இயக்கி நான் அமர, அவன் தள்ளிக்கொண்டு ஓடிப் பின்னே தாவியேறினான். முதலாம் கியரை மிதித்தேன். வண்டி ஒருமுறை துள்ளியது. பின்னர், மிதியில் மெல்லிய அழுத்தம் வைத்து அக்சிலேற்றரைச் சற்றே தளர்த்த, அடுத்த கியர் ஓசையின்றி விழுந்தது. இறக்குவதே வில்லங்கம்: அக்சிலேற்றரைச் சிறிது முறுக்கிச் சுழற்சியை உயர்த்தினாலன்றிப் பற்கள் கடகடக்கும். (திருத்துநர் எவரேனும் கேட்டிருப்பின் காதைப் பொத்தியிருப்பார்!) கைதடியில் மாடுகள் குறுக்கிட்டமையால் நியூற்றலுக்கு மாற்றி நின்று, மீண்டுந் தள்ளினோம். நாவற்குழியையும் அரியாலையையும் நில்லாமலே கடந்தோம்.

பரீட்சை மண்டப வாயிலில் மணி இன்னும் அடிக்கவில்லை. அனுமதி அட்டையின் வியர்வையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு அவன் உள்ளே ஓடினான்.