ஆபரேஷனுக்கு முந்தின சாயங்காலம்

பாஸ்டனில் உள்ள மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையில் லாரன்ஸ் எக்பர்ட் என்ற மயக்க மருத்துவரும் அவருடைய சகாக்களும் செய்த ஆய்வு 1964-ல் வெளியானது. வயிற்றைத் திறந்து ஆபரேஷன் செய்துகொள்ள வந்த 97 பேர். எல்லோரையும் முந்தின இரவு மயக்க மருத்துவர் போய்ப் பார்த்தார். எத்தனை மணிக்கு, எப்படி மயக்கம் கொடுக்கப் போகிறோம் என்று சொன்னார். 46 பேரிடம் மட்டும் கூடுதலாகக் கொஞ்சம் பேசினார். கண் விழித்ததும் வலிக்கும். இந்த இடத்தில், இவ்வளவு வலிக்கும், இத்தனை நாளில் குறையும். தையலுக்கு அடியில் உள்ள தசை இறுகிக்கொள்வதால்தான் வலி கூடுகிறது. அதைத் தளர்த்துவது இப்படி, கையையும் காலையும் ஊன்றித் திரும்புவது இப்படி. அப்படியும் தாங்கவில்லையா, மருந்து கேளுங்கள். ஆபரேஷன் முடிந்த பிறகும் வந்து இதையே திரும்பச் சொன்னார்.

அந்த 46 பேருக்குத் தேவைப்பட்ட மார்ஃபின், மற்றவர்களுக்குத் தேவைப்பட்டதில் ஏறக்குறையப் பாதிதான். சராசரியாக 2.7 நாள் முன்னதாகவே வீட்டுக்குப் போனார்கள். யாரிடம் கூடுதலாகப் பேசப்பட்டது என்பது அவர்களை வீட்டுக்கு அனுப்பிய அறுவை மருத்துவர்களுக்குத் தெரியாது.

அதற்கு முந்தின ஆண்டே இதே எக்பர்ட் இன்னொன்றைக் கவனித்திருந்தார். ஆபரேஷன் தியேட்டருக்குப் போகுமுன் தூக்க மருந்து மட்டும் வாங்கியவர்கள் கிறக்கத்தில் இருந்தார்கள், பயம் அப்படியே இருந்தது. மயக்க மருத்துவர் வந்து பேசிவிட்டுப் போனவர்கள் விழிப்பாகவும் நிதானமாகவும் இருந்தார்கள். சர்ஜிகல் வார்டில் வேலை பார்த்த எவருக்கும் இந்த வித்தியாசம் முகத்தைப் பார்த்தாலே தெரியும்.

✻

நம் வீடுகளில் நடப்பது வேறு. "ஒண்ணுமில்லம்மா, சின்ன ஆபரேஷன்தான். தூங்கி எந்திரிச்சா முடிஞ்சிரும்." மகள் சொல்வாள், கொழுந்தன் சொல்வார், ஸ்ட்ரெச்சர் தள்ள வரும் ஆயாம்மாவும் சொல்வார். டாக்டர் விளக்குவதெல்லாம் வராந்தாவில் மகனிடம். படுத்திருப்பவருக்கு அது எட்டாது. அன்பினால் சொல்வதுதான், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அந்த அம்மா மறுநாள் கண் திறக்கும்போது, ஒன்றுமில்லை என்று சொல்லப்பட்ட இடத்தில் இவ்வளவு வலி. ஏதோ தப்பாகிவிட்டது, என்னிடம் மறைக்கிறார்கள் என்றுதான் முதலில் தோன்றும். வலியோடு அந்தப் பயமும் சேர்ந்துகொள்ளும்.

அவருக்கு உண்மையான தகவல் எங்கிருந்து வருகிறது? அடுத்த பெட்டிலிருந்து. அங்கே மூன்று நாளுக்கு முன் அதே ஆபரேஷன் செய்துகொண்ட ஒருவர் உட்கார்ந்து இட்லி சாப்பிட்டுக்கொண்டிருப்பார். "மொத நாள்தான்க்கா கஷ்டம். டியூப் எடுத்துட்டா பாதி சரியாயிரும்." இந்தப் பேச்சுக்கு எவ்வளவு மதிப்பு என்பதை ஜேம்ஸ் குலிக், ஹைகே மாலர் என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள் 1987-ல் காட்டினார்கள். இதய பைபாஸுக்குக் காத்திருந்தவர்களில், ஏற்கெனவே ஆபரேஷன் முடித்த ஒருவரோடு ஒரே அறையில் இருந்தவர்களுக்குப் பதற்றம் குறைவு. பிறகு அவர்கள் அதிகம் நடந்தார்கள், சீக்கிரம் வீடு திரும்பினார்கள். தனி அறைக்குப் பணம் கட்டுகிறவர்கள் இதை இழக்கிறார்கள் என்பது அவர்களுக்கே தெரியாது.

✻

ஆனால் வலியைப் பற்றிச் சொல்லிவிட்டால் மட்டும் போதுமா? எல்விரா லாங் என்ற கதிரியக்க மருத்துவரின் குழு 2005-ல் வெளியிட்ட ஆய்வு இதோடு முரண்படுவதுபோல் இருக்கிறது. சிகிச்சை நடக்கும்போது எடுத்த வீடியோக்களைப் பார்த்து ஒவ்வொரு சொல்லாகக் கவனித்தார்கள். "இப்ப சுருக்குனு குத்தும்", "எரியும்" என்று ஊசிக்கு முன் எச்சரித்தபோது நோயாளிகள் சொன்ன வலியும் பதற்றமும் கூடின.

எனக்கு இதில் முரண் தெரியவில்லை. எக்பர்ட் முந்தின நாளே சொன்னார், சொன்னதோடு கைக்கு ஒரு வேலையும் கொடுத்தார்: வலித்தால் இதைச் செய். ஊசியைக் கையில் வைத்துக்கொண்டு "குத்தும்" என்றால், கேட்கிறவர் உடம்பை இறுக்கிக்கொள்வதைத் தவிர வேறென்ன செய்ய முடியும்? "எறும்பு கடிச்ச மாதிரி இருக்கும்" என்கிறோமே, அதிலும் எறும்பும் இருக்கிறது, கடியும் இருக்கிறது. "மரத்துப்போற மருந்து போடறேன், மூச்சை மெதுவா விடுங்க" என்று சொன்னால் அதுவும் உண்மைதான். விடுகிற மூச்சில் ஊசி இறங்கிவிடும்.

✻

முந்தின சாயங்காலமே கற்றுக்கொடுக்க வேண்டியவை இரண்டு. வலி வந்த பிறகு சொன்னால் காதில் ஏறாது.

எழுந்திருக்கும் விதம்: மல்லாந்து படுத்தபடி நேராக எழக் கூடாது, வயிற்றுத் தையல் முழுப் பாரத்தையும் வாங்கும். இரண்டு முழங்காலையும் மடக்கிக்கொள்ள வேண்டும். தோளும் இடுப்பும் ஒன்றாக ஒருக்களித்துத் திரும்ப வேண்டும். காலைக் கட்டிலுக்கு வெளியே தொங்கவிட்டு, அந்தப் பாரம் கீழே இழுக்கும்போதே அடியில் உள்ள முழங்கையை ஊன்றி எழ வேண்டும். சாயங்காலம் நாலைந்து தரம் பழகினால் போதும்.

இருமல்: பலர் வலிக்குப் பயந்து இருமலை அடக்கிவிடுவார்கள். சளி நெஞ்சில் தங்கி நிமோனியாவில் கொண்டுபோய் விடும். தலையணையோ மடித்த போர்வையோ தையல் மேல் வைத்து, இரண்டு கையாலும் அணைத்து அழுத்திக்கொண்டு இருமச் சொல்ல வேண்டும். முதல் தடவை இப்படி இருமியவர் முகத்தில் வரும் ஆச்சரியத்தைப் பார்த்திருக்கிறேன். "அவ்வளவா வலிக்கல சிஸ்டர்" என்பார்கள். அதன் பிறகு யாரும் சொல்லாமலே இருமுவார்கள்.

✻

பேச்சு எப்படி வலியில் வேலை செய்கிறது? இத்தாலியின் தூரின் நகரில் ஃபாப்ரிட்சியோ பெனெடெட்டி செய்த சோதனைகள் எனக்கு மிகவும் பிடித்தவை. ஆபரேஷன் முடிந்தவர்களில் சிலருக்கு மருத்துவர் பக்கத்தில் நின்று, வலி மருந்து போடுகிறேன் என்று சொல்லிப் போட்டார். வேறு சிலருக்கு அதே மருந்து, ஆளே தெரியாமல், ஒரு கருவி வழியாக டிரிப்ஸில் இறங்கியது. மறைத்துக் கொடுத்தபோது அதே அளவு வலி குறைய அதிக மருந்து தேவைப்பட்டது. ஆக, ஒவ்வொரு ஊசியிலும் மருந்து ஒரு பங்கு, சொல்லிக் கொடுக்கிற ஆள் ஒரு பங்கு. டிரிப்ஸில் மருந்தை ஏற்றிவிட்டு ஒன்றும் சொல்லாமல் நகர்ந்துபோனால் மருந்தின் ஒரு பகுதியை வீணாக்குகிறோம்.

இது வெறும் மனப்பிரமை அல்ல. 1978-ல் கலிஃபோர்னியாவில் கடைவாய்ப் பல் பிடுங்கியவர்களிடம் ஜான் லெவின் குழு பார்த்தது: மருந்தே இல்லாத ஊசியால் சிலருக்கு வலி தணிந்தது. மார்ஃபின் போன்ற ஓபியாய்டுகளை முறிக்கும் நலாக்ஸோனைக் கொடுத்ததும் அந்தத் தணிவு போய்விட்டது. உடம்பே தனக்கான வலி மருந்தைச் சுரந்திருக்கிறது என்பதற்கான தடயம் அது.

✻

மருந்தில்லாமல் வலியைத் தணிக்கப் பார்த்த ஒரு பழைய கதையும் உண்டு. ஹூக்ளி, வங்காளம், 1845. ஜேம்ஸ் எஸ்டெய்ல் என்ற ஸ்காட்லாந்துக்காரர், கிழக்கிந்தியக் கம்பெனியின் மருத்துவர். மயக்க மருந்து உலகத்துக்குத் தெரியாத காலம். விரைவீக்கத்தால் அவதிப்பட்ட ஒரு சிறைக்கைதிக்கு முதலில் மெஸ்மரிசம், அதாவது கையை அசைத்து அசைத்து ஒருவித மயக்க நிலைக்குக் கொண்டுபோகும் முறை, செய்தார். பிறகு யானைக்கால் நோயால் வந்த பெரும் கட்டிகளை அந்த நிலையிலேயே வெட்டி எடுத்தார். அடுத்த ஆண்டே கல்கத்தாவில் இதற்கென ஒரு மருத்துவமனையை அரசு ஒதுக்கிக் கொடுத்தது. 1846 அக்டோபர் 16 அன்று பாஸ்டனில் ஈதர் என்ற மயக்க மருந்து வெற்றி பெற்றது, சில மாதத்தில் அது இந்தியாவுக்கும் வந்து சேர, மெஸ்மரிசம் ஒதுங்கிவிட்டது.

இந்தக் கதையை அற்புதமாகச் சொல்கிறவர்கள் உண்டு. நான் பார்ப்பது வேறு இரண்டு. ஒன்று, இருட்டறையில் நோயாளியின் பக்கத்தில் மணிக்கணக்காக இருந்து கையை அசைத்துக்கொண்டிருந்தவர்கள் உள்ளூர் உதவியாளர்கள், அவர்கள் பெயரை யாரும் சொல்வதில்லை. அவ்வளவு நேரத்தை இன்று எந்த நோயாளிக்கு யார் கொடுக்கிறோம்? இரண்டு, அந்தக் கைதி வேண்டாம் என்று சொல்லியிருக்க முடியுமா? வெள்ளைக்கார மருத்துவர் முன்னால் வலிக்கிறது என்று சொல்லத்தான் முடிந்திருக்குமா?

ஒதுங்கியது திரும்பியும் வந்தது. பெல்ஜியத்தின் லியேஜ் நகரில் மரி-எலிசபெத் ஃபேமோன்வில் என்ற மயக்க மருத்துவர் 1992-ல் ஹிப்னாஸிஸும் மரத்துப்போகும் ஊசியும் சிறிதளவு அமைதி மருந்தும் சேர்த்துத் தைராய்டு ஆபரேஷன்களுக்கு உதவத் தொடங்கினார். அந்தப் பிரிவில் இப்படிச் செய்துகொண்டவர்கள் ஆயிரக்கணக்கானோர். நோயாளி சம்மதித்து, தனக்குப் பிடித்த ஒரு நினைவைத் தானே தேர்ந்தெடுத்து அதில் ஆழ்கிறார். ஹூக்ளிக்கும் லியேஜுக்கும் உள்ள தூரம் அந்தச் சம்மதம்தான்.

✻

தாலி. தியேட்டருக்குப் போகுமுன் உடம்பில் உலோகம் இருக்கக் கூடாது. ரத்தக்குழாயைச் சுட்டு அடைக்கும் கருவியில் மின்சாரம் ஓடுகிறது, நகை பட்ட இடம் வெந்துபோகலாம். காரணம் சரியானது. ஆனால் காலை ஏழு மணிக்கு, ஸ்ட்ரெச்சர் வந்து நிற்கும்போது, "எல்லாத்தையும் கழட்டுங்க" என்று கேட்டால் அந்தப் பெண்ணுக்கு நெஞ்சு அடைக்கிறது. அந்த நேரத்தில் நாடி பார்த்தால் தெரியும்.

முந்தின சாயங்காலமே சொல்லிவிட்டால் வீட்டில் வழி வைத்திருப்பார்கள். மாமியாரோ அம்மாவோ மஞ்சள் கயிற்றில் மஞ்சள் துண்டைக் கட்டிக் கழுத்தில் போட்டுவிட்டு, அதற்குப் பிறகு தங்கத்தைக் கழற்றுவார்கள். ஒரு நிமிஷம்கூடக் கழுத்து வெறுமையாக இருக்காது. மாத்திரையால் இறங்காத படபடப்பு அந்தக் கயிற்றால் இறங்குவதைப் பல முறை பார்த்திருக்கிறேன்.

காது மிஷினைக் கடைசியாகக் கழற்றுங்கள், முதலில் திருப்பி மாட்டுங்கள். காது கேளாத பெரியவரிடம் தியேட்டரில் எல்லோரும் வாய் மூடிய மாஸ்க்கோடு பேசினால் அவர் என்னதான் செய்வார்?

✻

பாட்டு. பென்சில்வேனியாவைச் சேர்ந்த இவான் கேன் என்ற அறுவை மருத்துவர் 1914-லேயே ஆபரேஷன் அறைக்குள் கிராமஃபோன் வைத்ததைப் பற்றி எழுதினார். 2015-ல் லான்செட்டில் வந்த தொகுப்பாய்வு 73 சோதனைகளை ஒன்றுசேர்த்துப் பார்த்தது. பாட்டுக் கேட்டவர்களுக்கு வலியும் பதற்றமும் குறைந்தன, வலி மருந்தும் குறைவாகத் தேவைப்பட்டது. முழு மயக்கத்தில் இருந்தவர்களுக்கும் ஓரளவு பலன் தெரிந்தது.

முதுகில் ஊசி போட்டுச் செய்யும் ஆபரேஷனில் நோயாளி விழித்திருக்கிறார், எல்லாம் கேட்கிறது. கத்தரி தட்டில் விழும் சத்தம், யாரோ போனில் வீட்டு வாடகை பேசுவது, "இதென்ன இப்படி இருக்கு" என்று ஒரு குரல். வயிற்றைத் திறந்து வைத்திருக்கும்போது அந்தக் கடைசி வாக்கியம் ஒருவரை என்ன பாடு படுத்தும்! இங்கே இளையராஜா பாட்டு பெரிய காவல். ஹெட்ஃபோன் ஒரு காதில் போதும், மயக்க டாக்டர் பேசுவது மறு காதில் விழ வேண்டும். கொஞ்சம் பேச்சைக் குறைத்துக்கொள்வது அதைவிட நல்லது.

✻

குழந்தையிடம் "ஊசி போட மாட்டாங்க" என்று சொல்லாதீர்கள். ஒரு தடவை பொய்யானால் அடுத்த ஊசிக்கு நாலு பேர் பிடிக்க வேண்டிவரும். மயக்கம் கொடுக்கும் மாஸ்க்கை முந்தின நாளே கையில் கொடுத்து பொம்மைக்கு வைத்து விளையாடவிட்டால் பாதி வேலை முடிந்தது. அமெரிக்காவில் ஸீவ் கெய்ன் என்ற மயக்க மருத்துவர் 2007-ல் காட்டியதும் இதுதான்: பெற்றோரையும் சேர்த்து இப்படித் தயார்செய்த குழந்தைகளுக்குப் பதற்றம் குறைவு, பிறகு வலி மருந்தும் குறைவு.

✻

இதையெல்லாம் படித்துவிட்டு யாரும் மருந்தை மறுக்க வேண்டாம். நம் பெண்கள் ஏற்கெனவே தாங்கிக்கொள்வதில் பழகிப்போனவர்கள். "பரவால்ல சிஸ்டர், பொறுத்துக்கறேன்" என்று பல்லைக் கடிப்பவர் மூச்சை ஆழமாக இழுக்க மாட்டார், நடக்க மாட்டார், காலில் ரத்தம் கட்டும். எக்பர்ட் தன் நோயாளிகளிடம் மருந்து கேளுங்கள் என்றுதான் சொன்னார். கேட்கலாம் என்று தெரிந்ததாலேயே அவர்களுக்குக் குறைவாகத் தேவைப்பட்டது என்று நினைக்கிறேன். திடீரென்று கூடும் வலிக்கும், கல்லாக இறுகும் வயிற்றுக்கும் மூச்சுப் பயிற்சி தீர்வல்ல. உடனே டாக்டரைக் கூப்பிட வேண்டும்.

✻

யார் பேசுவது? ஃபிட்னஸ் கொடுக்கும் மயக்க டாக்டர் முன் வராந்தா நிறைய வரிசை. ஈசிஜி, சுகர், எக்ஸ்ரே பார்த்துக் கையெழுத்துப் போடவே நேரம் சரியாக இருக்கும். நைட் டியூட்டி சிஸ்டருக்கோ வார்டு முழுக்கப் பொறுப்பு. ஒவ்வொருவரிடமும் தனித்தனியாக உட்காரச் சொல்வது அநியாயம்.

பார்வையாளர் நேரத்தில் செய்யலாம். மறுநாள் தியேட்டர் லிஸ்ட்டில் இருப்பவர்களை, துணைக்கு இருப்பவர்களோடு, ஒரே இடத்தில் சேர்த்து உட்காரவைக்க வேண்டும். எங்கே வலிக்கும், எப்போது குறையும், எப்படி எழுவது, யாரிடம் மருந்து கேட்பது, தண்ணீர் எத்தனை மணி வரை குடிக்கலாம், நகை எப்போது கழற்றுவது. துணைக்கு இருப்பவர்கள் இதைக் கேட்டுவிட்டால் "ஒண்ணுமில்ல" என்று சொல்வதற்கு அவசியம் இருக்காது. ஆபரேஷன் முடிந்து மூன்றாம் நாளில் இருக்கும் ஒருவர் சம்மதித்தால் அவரையும் கூப்பிடலாம், ஒருக்களித்து எழுந்து காட்டட்டும். கேஸ் ஷீட்டில் வெறும் வயிறு, ஷேவிங், கையெழுத்து என்று டிக் போடும் பட்டியலில் "வலி பற்றிச் சொல்லியாயிற்று" என்று இன்னொரு கட்டம் சேர்க்க ஒரு பேனா போதும்.